ஆடி மாசத்துப் பத்திரம்

எம்பேரு யுவராணி. பேருதான் யுவராணி, குடியிருக்கறது வாடகை வூடு. இந்த ஒரு ஜோக்கைச் சொல்லியே எங்க வூட்டுக்காரரு கல்யாணமான நாள்ல இருந்து காலத்தை ஓட்டிட்டாரு.

அப்பேர்ப்பட்டவரு ஆனி மாசம் ஒருநாள் காலையில, நான் கிரைண்டர்ல இருந்து மாவு வழிச்சுட்டு இருக்கறப்ப, பக்கத்துல வந்து குத்தவெச்சு உக்காந்தாரு. "ராணி, வாடகை குடுக்கறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற மாதிரி. நாமளே ஒரு வூட்டை வாங்கிட்டா என்ன?"ன்னாரு.

எனக்கு சுருக்குன்னுது. ஓட்டைக் குடமாமே! இப்படியெல்லாம் பேசற ஆளா இவரு?

எங்க வூட்டுக்காரரு பேரு அர்ச்சுனன். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்ல லோடு வண்டி ஓட்டறாரு. யாராவது செல் நம்பர் கேட்டாக்கூட, "ராணி, என் நம்பரு என்ன?"ன்னு உள்ள பாத்துக் கத்தறவரு. அவரு அன்னிக்கு செல்லை எடுத்து வட்டி, தவணைன்னு தட்டித் தட்டிக் காட்டறாரு. வாடகை வருசாவருசம் ஏறும், அதுல நமக்கு ஒரு செங்கல்லுகூட மிஞ்சாதுங்கறாரு. தவணை கட்டினா ஒருநாள் முடியும், வூடு நம்மளதுங்கறாரு. ஓசூர்ல கம்பெனிங்க பெருகப் பெருக இங்கயும் எடத்துக்கு வெலை ஏறிட்டே போவுது, இன்னிக்கு வாங்கினா நாளைக்கு நமக்குத்தான் லாபம்ங்கறாரு. "பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணம்கூட கொறையுதாம் ராணி. உம்பேர்லயே பதிஞ்சுடலாம்"ன்னாரு கடைசியா.

அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. எம்பேர்லயா? எம்பேர்ல இதுவரைக்கும் என்ன இருக்குது இந்த வூட்ல? மகளிர் குழுக் கடன் எம்பேர்ல. வண்டி இன்ஜின் போனப்ப நகையை அடகு வெச்ச ரசீது எம்பேர்ல. பொம்பள பேர்ல எழுதறதெல்லாம் பொம்பள கழுத்துல மாட்டறதுக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? சும்மா ஆடுமா சோழியன் குடுமி?

"யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"ன்னு கேட்டேன்.

"யாரும் சொல்லல. நானா யோசிச்சேன்."

"நீங்களா? யோசிச்சீங்களா?"

எங்கப்பா அப்ப வாசப்படிகிட்ட உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தாரு. எப்பவும் நானும் இவரும் பேசிக்கிட்டா நடுவுல ஒரு வார்த்தை போடாம இருக்க மாட்டாரு. அன்னிக்கு டம்ளருக்குள்ளயே பாத்துட்டு இருந்தாரு. அதையும் நான் கவனிச்சு வெச்சுக்கிட்டேன்.

எங்கப்பா பேரு தீர்த்தகிரி. ஏரியூர்ப் பக்கத்து ஆளு. அங்க இருந்த பங்கு வூடு சித்தப்பா கைக்குப் போயி ரொம்ப காலமாச்சு. ஆலைக்குக் கரும்பு ஏத்தற வேலைக்கு வந்தவரு பாலக்கோட்டுலயே தங்கிட்டாரு. எங்கம்மா போனதுல இருந்து எங்ககூடத்தான் இருக்கறாரு. மருமகன் வூட்ல மாமனாரு இருக்கலாமான்னு நாலு பேரு பேசத்தான் பேசறாங்க. பேசட்டும், அவங்க வூட்டுக்கா நான் அரிசி கேட்டுப் போறேன்?

வாடகை வூட்டைப் பத்தி எனக்குத் தெரியாததை இவரு என்னத்தை சொல்லிடப் போறாரு? எங்க வூட்டு ஓனரு ராமக்கா நல்லவங்கதான், கெட்டவங்கன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா தண்ணி மோட்டாரு சுச்சு அவங்க வூட்டுக்குள்ள. சொந்தக்காரங்க ஒரு ராத்திரி தங்கினா சிரிப்பாங்க, ரெண்டாவது ராத்திரி தங்கினா, "இன்னும் கெளம்பலையா?"ம்பாங்க. நான் வூட்டுலயே இட்லி மாவு ஆட்டி விக்கறேன். கிரைண்டர் சத்தம் விளக்கு வெச்சதுக்கப்பறம் கேக்கக் கூடாது. செவுத்துல ஆணி அடிக்கவே கூடாது. எங்கம்மா போட்டோ ஃபிரிட்ஜு மேல சாஞ்சுதான் நிக்குது. கதவை வேகமா சாத்தினா குப்புற விழும். எங்கப்பா எடுத்து, துண்டுல தொடைச்சு, மறுபடியும் நிறுத்தி வெப்பாரு.

எங்கம்மா செத்தப்ப நாங்க வேற தெருவுல, வேற ஒரு ஆளோட வூட்ல இருந்தோம். எம்பொண்ணு காவியா அப்ப கைக்கொழந்தை. ஆஸ்பத்திரியில இருந்து வண்டி வந்து நிக்குது, வூட்டு ஓனரு வாசல்ல கையை விரிச்சுட்டு நிக்கறான். "உள்ள கொண்டாராதீங்க, நாளைக்கு எவனும் குடி வர மாட்டான்"னு சொல்லிட்டான். சாக்கடை ஓரமா ரோட்டுலயே பெஞ்சைப் போட்டுக் கெடத்தினோம். நாலு பொம்பளைங்க சேலையை மறைப்பாப் புடிச்சுக்க, ரோட்டுலயே குளிப்பாட்டினோம். மழை வேற வந்துச்சு. எங்கப்பா பொணத்து மூஞ்சிக்கு மேல கொடை புடிச்சுட்டு விடியற வரைக்கும் நின்னாரு. போற வர்ற டிவிஎஸ் காரனெல்லாம் ஹாரன் அடிச்சுட்டுப் போனான். அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னிக்கும் ஆறல.

சொந்த வூடு வேணாம்னு நான் சொல்லுவனா? ஆனா வூடு வாங்கணும்னா முன்பணம் வேணும். எங்ககிட்ட இருக்கற ஒரே பணம், நான் மாவு வித்து, சீட்டு போட்டு, காவியா நர்சிங் படிக்கட்டும்னு பேங்க்ல போட்டு வெச்சது. அவ ப்ளஸ் டூ படிக்கறா. அந்தப் பணத்துல கை வெக்கறவன் கை எரிஞ்சு போவட்டும்னு சாமிகிட்டயே சொல்லி வெச்சிருக்கறேன். இவரு ஓட்டைக் குடம், லாபம்னு பேசறதெல்லாம் எந்த எடத்துல வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாதா?

"கேட்டுப் பாக்கறதுக்கு காசா பணமா"ன்னு சொல்லி பேங்க்ல லோனுக்கு எழுதிப் போட வெச்சாரு. அதுவும் பாருங்க, நடையா நடந்தாலும் கெடைக்காத லோனு இவருக்கு மட்டும் வெரசா கெடைச்சுடுச்சு. தெனமும் லோடு எறக்கிட்டு நேரா போயி மேனேஜர் ரூம் வாசல்லயே நின்னாராம். கட்டின பொண்டாட்டி பிரசவ வலியில கெடந்தப்ப டீக்கடையில நின்ன மனுசன்!

புரோக்கர் சின்னராஜு மாரண்டஹள்ளி ரோட்டுப் பக்கம் ஒரு வூட்டைக் காட்டினாரு. ஒரு டீச்சரம்மாவோடது. மகன் ஓசூர்ல இருக்கறானாம், அங்கயே போறாங்களாம். ரெண்டு ரூமு, ஒரு கூடம், பின்னால துணி தொவைக்க எடம். நான் வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பறவ இல்ல. செவுத்தைத் தட்டித் தட்டிப் பாத்தேன். கொழாயைத் தொறந்து தண்ணியை வாயில ஊத்திப் பாத்தேன். பாத்ரூம்ல மோந்து பாத்தேன். பீரோ பின்னால ஓதம் அடிச்சிருக்குதான்னு செல்லு லைட்டு போட்டுப் பாத்தேன். எதுத்த வூட்டு அம்மாகிட்டப் போயி, "அக்கா, இந்த வூட்ல யாராச்சும் தூக்கு கீக்கு மாட்டிக்கிட்டாங்களா?"ன்னே கேட்டுட்டேன். அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிடுச்சு.

திரும்பிப் பாத்தா, எதிர்த்தாப்புல வர்ற தெரு நேரா வந்து இந்த வூட்டு வாசல்லயே குத்துது. தெருக்குத்து!

"அப்படிச் சொல்லுங்க! அதான் வெலை எறங்கியிருக்குதா?"ன்னு சின்னராஜைப் புடிச்சேன்.

"அக்கா, ஒரு பிள்ளையாரை வாசல்ல வெச்சுட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

"நீங்க ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போறவரு. எங்க பிள்ளையாரு என்ன பண்ணுவாருன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

மனுசன் சிரிச்சுட்டாரு. நான் சிரிக்கல.

எங்கப்பா இதுல எதையும் காதுல வாங்கல. கூடத்துல செருப்பைக் கழட்டிட்டு நின்னு சுத்திப் பாத்தாரு. அப்பறம் வாசக் கதவுகிட்டப் போயி, "இது ரெண்டு பக்கமும் தொறக்குமா?"ன்னு கேட்டாரு.

"தொறக்கும் பெரியவரே, மேல தாப்பாளை எடுத்தாப் போதும்."

"ஒரு பெரிய பொட்டி உள்ள வருமா?"

"பீரோவா? தாராளமா வரும்."

"பீரோ மாதிரிதான்"னாரு எங்கப்பா. அப்பறம் கூடத்துத் தரையில துண்டை விரிச்சு மெதுவாப் படுத்து, கண்ணை மூடிக்கிட்டாரு. அடுத்தவங்க வூட்ல, டீச்சரம்மா முன்னாடியே! எனக்கு மானம் போயிடுச்சு. "ஏம்ப்பா, வூட்ல தூக்கம் வரலையா உனக்கு?"ன்னு கையைப் புடிச்சுத் தூக்கினேன். கை இம்புட்டு லேசா இருக்குதேன்னு அப்ப ஒரு நொடி தோணுச்சு. ஆனா எம்புத்தி முழுக்க பீரோ மேலதான் இருந்துச்சு. நம்ம வூட்ல ஏது பீரோ? பீரோ வாங்கற வரைக்கும் பேசி முடிச்சுட்டாங்களா மாமனாரும் மருமகனும்?

அதுக்கப்பறம் ரெண்டு பேரையும் நான் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்க ஆரம்பிச்சேன். பாக்கப் பாக்க ஒவ்வொண்ணா மாட்டுச்சு. இவரு தருமபுரிக்கு லோடு போறப்பெல்லாம் எங்கப்பாவை முன் சீட்டுல ஏத்திக்கிட்டுப் போறாரு. கேட்டா, "தனியாப் போறதுக்கு போரடிக்குது"ங்கறாரு. இத்தனை வருசம் அடிக்காத போரு! எங்கப்பாகிட்டத் தனியா கேட்டேன்.

"தருமபுரியில ரெண்டு பேரும் எங்க போறீங்கப்பா?"

"டீ குடிக்க."

"டீ குடிக்க தருமபுரியா? பாலக்கோட்டுல டீக்கடைங்க எல்லாம் மூடிட்டாங்களா?"

அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. இட்லி வெச்சா ஒண்ணைத் தின்னுட்டு மீதியை நாய்க்குப் போடறாரு. "ஏம்ப்பா?"ன்னா, "மாவு புளிச்சிருக்குது பாப்பா"ங்கறாரு. எம்மாவையா? இந்த ஊருல எம்மாவு புளிச்சிருக்குதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல! கோவத்துல ரெண்டு நாளு அவருகூட நான் பேசல. வூடு வாங்க நான் ஒத்துக்கலன்னுதான் இப்படிச் சாப்பாட்டுல காட்டறாருன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். ரெண்டு பேரும் சேந்து எங்கயோ அட்வான்ஸ் குடுத்துட்டாங்க, எங்கிட்ட சொல்ல பயந்துக்கிட்டு முழிக்கறாங்க, இதான் என் கணக்கு.

ஆடி பொறக்கறதுக்கு மொத நாளு இவரு வந்து குண்டைத் தூக்கிப் போட்டாரு. "ராணி, லோனு ரெடி. இந்த வாரமே பத்திரம் பதிஞ்சுடலாம்."

"ஆடியிலயா?"

"ஆமா."

"ஆடியில எவனாச்சும் வூடு வாங்குவானா? புதுசாக் கட்டிக்கிட்ட பொண்ணையே அம்மா வூட்டுக்கு அனுப்பிடற மாசங்க இது! ஆவணி வரைக்கும் பொறுத்தா என்ன?"

"ஆவணி ஆவாது."

"சரி, ஆடிப்பெருக்கு அன்னிக்குப் பதிவோம். அது நல்ல நாளு. ஊரே பதியும்."

"அதுவரைக்கும்கூட வேணாம் ராணி. இந்த வாரமே முடிச்சுடலாம்."

"எலி ஏங்க இப்படி அம்மணமா ஓடுது? என்ன அவசரம்?"

வண்டிச் சாவியைக் கையில உருட்டிக்கிட்டே நின்னாரு. பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுசன் வாயை மூடிட்டு நிக்கறாருன்னா, உள்ள இருக்கற விஷயம் எவ்வளவு பெருசா இருக்கும்! காவியா உள்ள ரூம்ல சத்தம் போட்டுப் படிச்சுட்டு இருக்கறா. எம்பொண்ணு படிப்பை இவங்க ரெண்டு பேரும் எங்கயோ கொண்டு போயி எழுதிக் குடுத்துடுவாங்களோன்னு எனக்கு நெஜமாவே பயம் வந்துடுச்சு.

அதனால நான் ஒரே வார்த்தையில முடிச்சேன். "ஆடியும் வேணாம், தெருக்குத்தும் வேணாம். ரெண்டு தோசம் சேந்து வருது. முனியப்பன்கிட்டப் பூ கேப்போம். அவரு சரின்னா எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

எங்க பக்கத்துல இது வழக்கம். கல்யாணம், கெணறு, வூடுன்னு பெருசா எதைத் தொடங்கறதா இருந்தாலும், வெள்ளை அரளி ஒண்ணு, செவப்பு அரளி ஒண்ணு, தனித்தனியா எலையில ஒரே மாதிரி பொட்டணம் கட்டி சாமி முன்னாடி போடுவோம். வெவரம் தெரியாத ஒரு கொழந்தையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தா சாமி சரின்னுச்சு. செவப்பு வந்தா வேணாம்னுச்சு. அதுக்கு மேல ஒருத்தரும் பேச மாட்டாங்க.

இவரு மொகம் வெளுத்துப் போச்சு. எங்கப்பாவைப் பாத்தாரு. எங்கப்பா, "சரி பாப்பா, கேப்போம்"னாரு.

வெள்ளிக்கெழமை காலையில மூணு பேரும் கோயிலுக்குப் போனோம். ஊருக்கு வெளிய, வெட்டவெளியில, பெரிய மீசையோட முனியப்பன் உக்காந்திருக்கறாரு. ஆடிக்காத்து தூக்கிட்டுப் போற மாதிரி அடிக்குது. சாமிக்குப் போடற வெள்ளை அரளியும் சேத்துப் பூ வாங்கினது இவரு. நான் பூசாரிகிட்ட வெவரம் சொல்லிட்டு இருந்தேன். எங்கப்பா புளியமரத்தடிக் கல்லுல உக்காந்து, காத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, பொட்டணம் கட்டினாரு. பூசாரி ரெண்டையும் தட்டுல வாங்கி, சாமி முன்னாடி வெச்சு, கற்பூரம் காட்டினாரு. கடா வெட்ட வந்தவங்க கொழந்தை ஒண்ணு, பாவாடை போட்டது, ஓடி வந்து ஒரு பொட்டணத்தை எடுத்து எங்கையில குடுத்துச்சு.

பிரிச்சேன். வெள்ளை.

எங்க வூட்டுக்காரரு, "முனியப்பா!"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பூசாரி திருநீறு குடுத்தாரு. எல்லாரும் சந்தோசப்படணும். ஆனா எங்கப்பாவைப் பாத்தேன். அவரு பூவையும் பாக்கல, சாமியையும் பாக்கல. தட்டுல மிச்சம் இருந்த பொட்டணத்தையே பாத்துட்டு இருந்தாரு.

நான் கையை நீட்டி அதை எடுத்தேன்.

பூசாரி பதறிட்டாரு. "அம்மா, அதைப் பிரிக்கற வழக்கம் இல்ல. சாமி சொன்னா சொன்னதுதான்."

"சாமி சொன்னதை நம்பறேனுங்க. பொட்டணம் கட்டினவங்களைத்தான் நம்பல."

பிரிச்சேன். அதுவும் வெள்ளை.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! கையில இருந்த ரெண்டு பூவையும் எங்க வூட்டுக்காரரு நெஞ்சு மேல விட்டெறிஞ்சேன். "நீ நல்லா இருப்பியாய்யா?"ன்னு கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துடுச்சு. "சாமிகிட்டயே தில்லுமுல்லா? பெத்த பொண்ணு படிப்புக் காசைப் புடுங்க முனியப்பனையே ஏமாத்துவியா? எவன்கிட்ட என்ன எழுதிக் குடுத்திருக்கற? சொல்லு! இப்பவே சொல்லு!" கடா வெட்ட வந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பாக்குது. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, திட்டு வாங்கிக்கிட்டே நின்னாரு. கண்ணுல தண்ணி நிக்குது.

"அவரைத் திட்டாத பாப்பா"ன்னாரு எங்கப்பா. "செவப்புப் பூவை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, ரெண்டுலயும் வெள்ளையை வெச்சது நானு."

வேட்டி மடிப்புல இருந்து எடுத்துக் காட்டினாரு. செவ்வரளி, கசங்கிப் போயிருந்துச்சு.

"நீயாப்பா? எதுக்குப்பா?"

"செவப்பு வந்துட்டா நீ ஒத்துக்க மாட்ட. மறுக்கா ஒருதரம் பூ கேக்க எனக்கு நேரமில்ல பாப்பா."

"நேரமில்லையா? உனக்கு என்ன நேரமில்ல?"

அவரு எங்க வூட்டுக்காரரைப் பாத்தாரு. இவருதான் சொன்னாரு, மூக்கை உறிஞ்சிக்கிட்டே. "மாமாவுக்கு ஈரல்ல கட்டி ராணி. பரவிடுச்சாம். தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். டாக்டரு, 'இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதை வாங்கிக் குடுங்க'ன்னு சொல்லிட்டாரு. ஆவணி தாண்டறதே கஷ்டமாம். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு காவியா தலை மேல சத்தியம் வாங்கிட்டாரு."

அந்த வட்டிக் கணக்கு, ஓட்டைக் குடம், ஓசூர் கம்பெனி எல்லாம் எங்கப்பா வண்டியில உக்காந்து இவருக்குச் சொல்லிக் குடுத்ததாம். போகயில வரயில பாடம் மாதிரி ஒப்பிக்க வெச்சாராம். "லாபம்னு சொன்னாத்தான் எம்பொண்ணு காது குடுப்பா"ன்னாராம்.

நான் அப்படியே கல்லு மேல உக்காந்துட்டேன். வூட்டு மூலை முடுக்கெல்லாம் ஓதம் தேடின கண்ணு இது. பெத்த அப்பன் இளைச்சு எலும்பும் தோலுமா முன்னாடி நின்னதைப் பாக்கல. புளிக்காத மாவைப் புளிச்சுதுன்னு சொன்னாருன்னு கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாளு பேசாம இருந்தேனே, பாவி!

"பெரிய பொட்டி உள்ள வருமான்னு கேட்டியே, அது..."

"ஐஸ் பொட்டி"ன்னாரு சாதாரணமா. "இப்பெல்லாம் அதுலதான வெக்கறாங்க? ராமக்கா நல்லவங்கதான். ஆனா அவங்களும் உள்ள விட மாட்டாங்க பாப்பா. எனக்கு மழையில கெடக்கறது ஒண்ணும் பெருசில்ல, செத்தவனுக்கு என்ன தெரியப் போவுது? நீ மறுபடியும் ரோட்டுல உக்காந்து அழுவியே, ஹாரன் அடிப்பானுங்களே, அதை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

நான் அவரு மடியில தலையைப் போட்டு கத்தி அழுதேன். கோயில்னும் பாக்கல, கூட்டம்னும் பாக்கல. அழுது முடிச்சு மூக்கைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சப்ப பூசாரி பக்கத்துல நின்னாரு. "பூவு பொய்யாப் போச்சும்மா. மறுபடியும் ஒழுங்காக் கட்டிக் கேக்கறீங்களா?"ன்னாரு.

"வேணாங்க. சாமிகிட்டக் கேக்கறதுக்கு இனி ஒண்ணும் இல்ல"ன்னேன்.

அன்னிக்கே பேங்க்குக்குப் போயி காவியா பணத்தை எடுத்தேன். விஷயத்தை அவகிட்ட சொன்னப்ப அவ ரொம்ப நேரம் தாத்தா காலைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா. அப்பறம், "எனக்குக் கல்விக் கடன் கெடைக்கும்மா"ன்னா. ஆமா, படிப்புக்குப் பேங்க்ல கடன் குடுப்பான். செத்தவங்களைக் கெடத்த எடம் எந்த பேங்க்ல குடுப்பான்? ஆனா அந்தப் பணத்தை ஒவ்வொரு ரூவாயா திருப்பிச் சேத்து வெப்பேன். மாவு ஆட்ட இனி விளக்கு வெக்கறதுக்குள்ளன்னு கணக்கு இல்லையே, ராத்திரியும் ஆட்டுவேன்.

ஆடியில ரிஜிஸ்டர் ஆபீஸ் காத்தாடுது. எழுத்தரு, "இந்த மாசத்துலயாம்மா?"ன்னு ரெண்டு தரம் கேட்டாரு. "எங்களுக்கு இதான் நல்ல மாசம்"ன்னு சொல்லி, யுவராணின்னு முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாளே குடி போனோம். ஆடியில பால் காய்ச்சினா பொங்காதா என்ன? நல்லாத்தான் பொங்குச்சு. தெருக்குத்துக்கு வாசல்ல ஒரு பிள்ளையாரு வெச்சோம். சின்னராஜே தூக்கிட்டு வந்து குடுத்தாரு.

சாமானெல்லாம் இன்னும் எறக்கி முடிக்கல, எங்கப்பா சுத்தியலை எடுத்துட்டு வந்துட்டாரு. சட்டைப் பையில ஆணி. எப்ப வாங்கினாரோ! "குடுங்க மாமா, நான் அடிக்கறேன்"னு இவரு ஓடினாரு. "தள்ளி நில்லு"ன்னுட்டாரு. கூடத்துச் செவுத்துல, நிதானமா, நடு நடுவுல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு, ஒரு ஆணி அடிச்சாரு. எங்கம்மா போட்டோவைத் துண்டுல தொடைச்சு மாட்டினாரு. அத்தனை வருசம் ஃபிரிட்ஜு மேல சாஞ்சு கெடந்த பொம்பள நேரா நிமிந்து எங்களைப் பாக்குது.

அப்பறம் பாத்தா, அந்த ஆணிக்குப் பக்கத்துல ஒரு சாண் தள்ளி இன்னொரு ஆணியை வெச்சு அடிக்கறாரு.

"அது எதுக்குப்பா?"ன்னு கேட்டேன். கேட்டதுக்கப்பறம்தான் ஏன்டா கேட்டோம்னு இருந்துச்சு.

"நான் அடிச்சா மட்டமா இருக்கும். உங்க வூட்டுக்காரரு அடிச்சா கோணலாப் போயிடும்"னு சொல்லிட்டு, ரெண்டு ஆணியும் ஒரே மட்டத்துல இருக்குதான்னு தள்ளி நின்னு பாத்துக்கிட்டாரு.

எனக்குப் பொசுபொசுன்னு கோவம் வந்துடுச்சு. அழுகை வந்துச்சா கோவம் வந்துச்சான்னு எனக்கே தெரியல. மூட்டையைப் பிரிச்சு, மளிகைக் கடையில குடுத்த தினசரி காலண்டரை எடுத்துட்டு வந்து, அந்த ரெண்டாவது ஆணியில மாட்டிட்டேன். "இந்த ஆணி காலண்டருக்கு. எம்பேர்ல பதிஞ்ச வூடு இது, நான் சொல்றதுதான் இங்க சட்டம். தெனமும் காலையில நீதான் தேதி கிழிக்கணும்"ன்னேன். எங்கப்பா சிரிச்சாரு. பல்லு மட்டும்தான் பெருசாத் தெரிஞ்சுது.

ஆவணி பொறந்துடுச்சு. கஞ்சிதான் எறங்குது, அதுவும் ரெண்டு வாய். காலையில எந்திரிச்சு, செவுத்தைப் புடிச்சுக்கிட்டே வந்து, அவருதான் தேதி கிழிக்கறாரு. நான் அடுப்பை அப்படியே விட்டுட்டு வந்து பக்கத்துலயே நின்னு பாக்கறேன். ஒரு தாள்தான் கிழிக்கறாரா, ரெண்டு மூணு சேத்துக் கிழிச்சுடறாரான்னு. இந்த மனுசனை நம்ப முடியாது.